கடைசி மேசைத் தட்டு

செபஸ்தியான் கடையைப் பற்றி இதுவரை பதினெட்டுப் பேர் போன் மேப்பில் அபிப்பிராயம் எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லாரும் வெளியூர்க்காரர்கள். பாலம் பார்க்க வந்தவர்கள், தனுஷ்கோடி போய்விட்டுத் திரும்புகிற வழியில் தாகத்துக்கு ஒதுங்கியவர்கள். 'ஃபேன் சுற்றவில்லை, ஆனால் காற்று வருகிறது' என்று ஒருத்தன். 'ஓனர் சிரிக்க மாட்டார், மீன் வர முக்கால் மணி நேரம் ஆகும், அவசரக்காரர்கள் வர வேண்டாம்' என்று இன்னொருத்தன். 'நாற்காலிக்கு மூன்று கால்தான் இருந்தது, நண்டுக்கு எல்லாக் காலும் இருந்தது, திருப்தி' என்று எழுதிய மகராசன் யாரென்று தெரியவில்லை. அவனோடு ஒரு நாள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

நானும் ஒன்று எழுதினேன். 'எல்லாம் சரி, கணவாய் மீன் கொஞ்சம் ரப்பர்.' அதை எவனோ உரக்க வாசிக்க, அது அடுப்படி வரைக்கும் போய்விட்டது. அன்றிலிருந்து ஒரு மாதம் எனக்குக் கணவாய் கிடையாது. கேட்டால் செபஸ்தியான் அண்ணன், "தீந்துருச்சு" என்பார். பக்கத்து மேசைக்குத் தட்டு நிறையக் கணவாய் போய்க்கொண்டிருக்கும்.

கடைக்குப் பெயர்ப் பலகை இல்லை. பாம்பன் தென்கடல் ஓரம், ஒயின்ஷாப்புக்குப் பின்னால் கிடுகு வேய்ந்த கொட்டகை. ஆறு கடப்பாக்கல் மேசை. தரை முழுக்கக் கடற்கரை மணல்தான். விடியலில் கடலுக்குப் போய்விட்டு வந்தவர்கள் மதியம் ஒன்றரை, இரண்டு மணிக்கு வந்து உட்கார்ந்தால், உடுத்தியிருக்கிற சாரம் காய்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார்கள். அவர்களை யாரும் கிளப்பிவிடவும் மாட்டார்கள். கொட்டகையின் பின்சுவரோடு ஒட்டியது அண்ணனின் வீடு. அந்தச் சுவரில் இரண்டு சாண் அகலத்துக்கு ஒரு பொந்து, அதற்கு ஒரு சாக்குத் திரை. சாப்பாடு அந்தப் பொந்து வழியாக வரும், எச்சில் தட்டு அந்தப் பொந்து வழியாகப் போகும்.

பொந்துக்கு அந்தப் பக்கம் யாகப்பம்மாள் அக்கா. செபஸ்தியான் அண்ணனின் மனைவி. கடை ஆரம்பித்த அன்றே அண்ணன் ஒரு சட்டம் போட்டார், குடிக்கிற இடத்துக்குப் பொம்பளை ஆள் வரக்கூடாதென்று. பத்தொன்பது வருடமாக அக்கா வரவில்லை. பின்வாசல் வழியாகக் கோயிலுக்குப் போவாள், பின்வாசல் வழியாகத் திரும்புவாள். நான் மண்டபத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிற மின்வாரிய லைன்மேன். ஊர் திருப்புல்லாணிப் பக்கம், மானாவாரி விவசாயக் குடும்பம். இங்கே மாற்றலாகி வந்து மூன்று வருடம் ஆகிறது. அந்த மூன்று வருடத்தில் அக்காவிடம் நான் பார்த்ததெல்லாம் ஒரு கை. முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறித்த தழும்பும் ஒரு பித்தளை வளையலும்.

அந்தக் கை தட்டை வாங்கியதும் உள்ளே இருந்து ஒரு கேள்வி வரும். "உப்பு எப்படி?"

நாங்கள் ஆளாளுக்கு ஒன்று சொல்வோம். அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே மாட்டாள். ஒருநாள் காரணம் சொன்னாள். "நீங்க வாயால சொல்றது போதையில சொல்றது, தம்பி. எனக்குத் தட்டு சொல்லிரும்."

உண்மைதான். வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, என் தட்டைப் பார்த்துவிட்டு, "இது யாரு தட்டு? காட்டுப் பக்கத்து ஆளா? மீனத் திங்கல, கொல பண்ணிருக்கான்" என்றாள். கொட்டகையே சிரித்தது. எனக்கு மானம் போய்விட்டது. ஆனால் மறுநாளிலிருந்து என் தட்டுக்கு மட்டும் முள் குறைந்த துண்டாகப் பார்த்து வரும். தினமும் வருகிற இருளாண்டி வைத்தியர் குழம்பை வழித்து நக்கினால் வீட்டில் சண்டை என்பாள். பாறை மீனின் தலையை எவன் தொடாமல் வைத்தாலும், அவனுக்குப் பல்வலி என்பாள். கேட்டுப் பார்த்தால் சரியாக இருக்கும். ஆளைப் பார்க்காமல் தட்டை வைத்தே ஊரைப் படித்து வைத்திருந்தாள். போனில் எழுதுகிறவர்களின் அபிப்பிராயம் எல்லாம் அவளிடம் எடுபடாது.

அவளுக்கு ஒரே மகன், ஜெயபால். நான் வருவதற்கு ஒரு வருடம் முன்பே வளைகுடாவுக்கு மீன்பிடி வேலைக்குப் போய்விட்டான். நான் அவனைப் பார்த்ததில்லை. போனதற்குக் காரணம் கடையில் எல்லாருக்கும் தெரியும். வாடிக்கையாளர்களோடு உட்கார்ந்து ஒருநாள் குடித்திருக்கிறான். இருபது வயதுப் பிள்ளையை அத்தனை பேர் நடுவிலும் வைத்து அண்ணன் கன்னத்தில் அறைந்துவிட்டார். "இனி ஒங்க கண்ணு முன்னாடி வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்கு அம்மாவுக்கு மட்டும் போன் பண்ணுவான். தை மாதத்தோடு அதுவும் நின்றது. "வேற கம்பெனிக்கு மாறிருப்பான், அங்கன டவர் இருக்காது" என்று அண்ணன் சொன்னார். அவள் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு காத்திருந்தாள்.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, நான் தட்டை நீட்டியபோது அந்தக் கை வாங்கவில்லை. உப்பு எப்படி என்றும் கேட்கவில்லை.

"ஈபித் தம்பி, கொஞ்சம் கிட்ட வா" என்றாள் தணிந்த குரலில். "கடைசி மேசையில யாரு உக்காந்திருக்கா?"

கடைசி மேசை கடலோரம், தண்ணீர் டிரம்முக்கு அந்தப் பக்கம். பொந்திலிருந்து பார்த்தால் தெரியாது.

"புதுசா ஒரு பையன்க்கா. குடிக்கலை. சோறு மட்டும் வாங்கித் தின்னுட்டு இப்பத்தான் எந்திரிச்சுப் போறான்."

"ஆளு எப்படி?"

"கறுப்பு. தாடி வச்சிருக்கான். என்ன விசயம்?"

அவள் சாக்கை விலக்கி ஒரு தட்டைக் காட்டினாள். ஓரா மீன் முள்ளு. நடுமுள்ளை முழுசாக எடுத்து, வால் வெளியே பார்க்கத் தட்டின் விளிம்பில் வைத்து, மேலே மூன்று கறிவேப்பிலையால் மூடியிருந்தது. எனக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை.

"அவனுக்கு அஞ்சு வயசுல ஓரா முள்ளு குத்திருச்சு. ஓரா முள்ளு குத்துனா கடுப்பு அப்படி இப்படி இருக்காது, பிள்ள ராவு பூரா அழுதான். அதுக்கப்புறம் மீனையே தொடமாட்டேன்னுட்டான். நான்தான், முள்ள ஓரமாப் படுக்க வச்சுப் போத்திவிட்டா அது தூங்கிரும், குத்தாதுன்னு சொல்லிக் குடுத்தேன். பெரிய ஆளான பெறகும் அப்படித்தான் செய்வான். ஒலகத்துல வேற ஒருத்தனும் இப்படிச் செய்யமாட்டான், தம்பி."

"அப்ப அண்ணங்கிட்டச் சொல்லுங்கக்கா."

"அவருக்குத் தெரியாமயா இருக்கும்? அவருதான சாப்பாட்டக் கொண்டுபோய் வைக்கிறாரு. ரெண்டு பேருக்கும் வீம்பு. இவரும் கூப்ட மாட்டாரு, அவனும் உள்ள வரமாட்டான். நான் போயி நின்னேன்னா எந்திரிச்சு ஓடிருவான், அப்பன் புத்தி அப்படியே இருக்கு. அவனா வரணும்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நீ வெளியூரு, ஒங்கிட்டத்தான் கேக்க முடியும். அடுத்த தடவ வந்தா நல்லாப் பாத்துச் சொல்லு. எடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும். வள்ளத்து முன்பக்கம், அணியத்துல விழுந்து பட்டது."

அவன் அடுத்த வியாழக்கிழமையும் வந்தான், அதற்கடுத்த வியாழக்கிழமையும் வந்தான். சரியாக இரண்டரை மணிக்கு, தங்கச்சிமடம் போகிற பஸ்ஸிலிருந்து இறங்கி வருவான். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து உட்காருவான். குடிக்காமல் இந்த இடத்துக்கு எதற்கு வருகிறான் என்று மற்றவர்கள் கேலி பேசினார்கள். கண்காணிக்க வந்த ஆபீசர் என்று ஒருத்தர் சொல்ல, இரண்டு நாள் எல்லாரும் சத்தம் குறைத்துப் பேசினார்கள்.

சித்திரை கடைசியில் கை கழுவுகிற சாக்கில் நான் அவன் பக்கம் போனேன். வெயில் கடலில் பட்டு அவனுக்குப் பின்னால் மின்னியதில் கண் கூசியது. முகம் கறுப்பாகத்தான் தெரிந்தது. புருவம் இருந்தது. வெட்டு இருந்ததா என்று கேட்டால், எனக்குத் தெரியவில்லை. இன்னும் இரண்டடி போய்ப் பார்த்திருக்கலாம். அவன் நிமிர்ந்து பார்த்தான், எனக்குக் கூச்சமாகிவிட்டது, வந்துவிட்டேன்.

பொந்தில் அந்தக் கை சாக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

"இருந்துச்சா?"

உப்பு எப்படி என்று கேட்டால் அளவாக இருக்கிறது என்று சொல்லுகிற மாதிரியே சொல்லிவிட்டேன். "இருக்குக்கா."

பிறகு அந்தக் கை என் கையைத் தொட்டது. கையெல்லாம் மஞ்சள் வாசனை. "நீ நல்லாருப்ப" என்றாள். எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்கிற என் நாக்கு அன்றைக்குச் செய்த காரியத்துக்கு, அதை இழுத்து வைத்து அறுத்தாலும் தகும்.

அதற்கப்புறம் வியாழக்கிழமை தவறாமல் ஓராக் குழம்பு. அண்ணனை விடியலிலேயே மீன் ஏலத்துக்கு அனுப்பிவிடுவாள். பூண்டை உரித்து முழுசாகப் போட்டு, மிளகாயைக் குறைத்து, மிளகு தட்டிப் போட்டு, மாங்காய் இருந்தால் இரண்டு கீற்று. கொட்டகையில் இருக்கிற எங்களுக்கும் அதுதான். எங்களுக்குக் காரம் போதாது. "என்னக்கா, பிள்ளத்தாச்சிக்கு வச்ச கொழம்பா?" என்று வாவு முகம்மதுவின் படகில் போகிற ஆள் ஒருத்தர் கத்துவார். அவள் பதில் சொல்ல மாட்டாள். அவள் கேட்கிற அபிப்பிராயம் ஒரே ஒரு தட்டிலிருந்துதான் வர வேண்டும். அது வந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள். "பாரு, தலையவும் தின்னுருக்கான். பூண்டு ஒன்னு மிச்சம் வைக்கல. போன வாரம் ரெண்டு துண்டு, இந்த வாரம் மூணு. ஒடம்பு தேறுது."

ஒரு வாரம் பாதிச் சோறு அப்படியே வந்தது. அன்றைக்கு முழுக்க அவள் அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். "காச்சலா இருக்குமோ, தம்பி? மொகம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். நான், "நல்லாத்தான் இருந்தாப்ல" என்றேன். ஒரு பொய்யைச் சொன்னவனுக்கு இரண்டாவது பொய் சிரமமே இல்லை.

ஆடி பிறந்தது. கச்சான் காற்று தென்கடலைத் தூக்கிக் கரையில் போட்டது. சோற்றில் மணல் கிடந்தது. லைன்மேன்களுக்கு அது மோசமான காலம். காற்றில் வருகிற உப்பு கம்பத்துப் பீங்கானில் அப்பிப் படிந்து, கொஞ்சம் ஈரம் பட்டாலும் தீப்பொறி பறந்து லைன் போய்விடும். ஏறித் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு திங்கட்கிழமை கடைக்குப் பக்கத்துக் கம்பத்தில் லைனை அணைத்துவிட்டு ஏணியில் நின்று துடைத்துக்கொண்டிருந்தேன். கீழே யாரோ ஏணியைப் பிடித்த மாதிரி இருந்தது. பார்த்தால் செபஸ்தியான் அண்ணன்.

"ஈபி, ஒன்னு கேக்கணும்" என்றார். அவர் வாயைத் திறந்து எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. "வெசாழக்கெழமையானா ஓரா வாங்கியாரச் சொல்றா. நீயும் அவளும் பொந்துகிட்டக் குசுகுசுன்னு பேசுறீங்க. என்ன நடக்குது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த மனுசனின் கல்நெஞ்சு பற்றி நாலு மாதமாகச் சேர்த்து வைத்திருந்தேன். மேலே இருந்துகொண்டே கேட்டேன். "ஏண்ணே, நீங்களும் ஒரு அப்பன்தான? பெத்த பிள்ள வாரா வாரம் வந்து ஒங்க கையால சோறு வாங்கித் தின்னுட்டுப் போறான். பேரச் சொல்லி ஒரு வார்த்த கூப்ட்டா கொறஞ்சா போயிருவீங்க?"

"யாரு பெத்த பிள்ள?"

"ஜெயபாலு. கடைசி மேச."

அண்ணன் ஏணியை விட்டுவிட்டார். பிறகு அப்படியே கம்பத்தடியில், சுடுமணலில் உட்கார்ந்துவிட்டார். நான் இறங்கி வந்தேன்.

"அது பெரியபட்டினத்துப் பையன், ஈபி. சதக்குனு பேரு. எம்மகன் இருந்த போட்டுல இருந்தவன். எம்மகன் தையிலயே போயிட்டான்."

நான் என்ன கேட்டேன் என்று நினைவில்லை. அவராகவே சொன்னார்.

"வலை எறக்கையில கயிறு கால்ல சுத்தி இழுத்துட்டுப் போயிருச்சாம். மூணு நாளு தேடிருக்காங்க. கெடைக்கல. பங்குனில இந்தப் பையன் ஊருக்கு வந்ததும் நேரா இங்கன வந்து எங்கிட்டச் சொல்லி அழுதான். நான்தான் அவன் கையப் புடிச்சுக்கிட்டேன். அவகிட்ட நீ சொல்லாத, நான் சொல்லிக்கிறேன்னு. நான் சொல்லிட்டனா இல்லையான்னு பாக்கத்தான் வாரா வாரம் வாரான். வந்து என் மொகத்தப் பாப்பான். நான் சோத்த வச்சுட்டுத் திரும்பிருவேன்."

"ஏண்ணே சொல்லல?"

"எப்படிச் சொல்ல? ஒடம்பு இல்ல. ஒரு பிடி மண்ணு போடல. பூச வைக்கல. நான் அடிச்ச அடிக்குத்தான போனான். அவ ஒரு தடவகூட அதச் சொல்லிக் காட்டல, தெரியுமா? இதச் சொன்னா, அன்னைக்கு அவ மொகத்த நான் பாக்கணும்ல." துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "அவனத்தான் மகன்னு நெனச்சுக்கிட்டு இருக்காளா? அவனப் பாத்ததே இல்லையே, எத வச்சு நெனச்சா?" என்று கேட்டார்.

"முள்ளக் கறிவேப்பிலையால மூடி வைக்கிறான்லண்ணே. அத வச்சுத்தான்."

"எந்த முள்ளு?" என்றார். பத்தொன்பது வருடம் தட்டு எடுத்தவர். ஒரு தட்டைக்கூடப் பார்த்ததில்லை.

வெட்டு இருக்கிறது என்று நான் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. அந்த வாரம் வருகிற சந்தியாகப்பர் திருவிழா முடிந்த மறுநாள் அக்காவிடம் தானே சொல்லிவிடுவதாக என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அவர் தலையில் வைக்க வேண்டிய கையை என் தலையில் எதற்கு வைத்தார் என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் உண்மையை எப்படியும் சொல்லிவிடுவது என்று பொந்துக்குப் போனேன். எனக்கு முன்னால் அவள் ஆரம்பித்தாள்.

"தம்பி, வெசாழக்கெழம சந்தியாகப்பர் திருநா. காலப் பூசைக்குப் போயிட்டு வந்து ஓரா ஆக்கிட்டு, நானே எடுத்துட்டு வரப்போறேன். இந்த வெசாழக்கெழம இவரு சட்டம் கெடக்கு. கையப் புடிச்சா ஓட மாட்டான்ல? திருநா அன்னைக்கு ஓடுவானா? புதுச் சட்ட ஒன்னு எடுத்து வச்சிருக்கேன்."

"அக்கா, ஒருவேள…"

"என்ன ஒருவேள? வெட்டு இருக்குன்னு நீ சொன்னதும்தான் எனக்கு உசிரே வந்துச்சு. அதுவரைக்கும் மனசு ஒரு பக்கம் இல்லம்மா இல்லம்மான்னுக்கிட்டே கெடந்துச்சு."

அவள் குரலில் இருந்த சந்தோசத்தைக் கேட்டுவிட்டு எவனும் அதைச் சொல்லியிருக்க மாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் நான் பயந்துவிட்டேன். புதன்கிழமை கடைக்கே போகவில்லை. அண்ணனுக்குப் போன் பண்ணி, அவள் செய்யப்போவதைச் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை கொட்டகை நிறைந்திருந்தது. திருவிழாவுக்கென்று படகுகள் போகவில்லை. இரண்டரைக்கு சதக் வந்து கடைசி மேசையில் உட்கார்ந்தான். அண்ணன் அவன் பக்கத்தில் போய் நின்று ஏதோ சொல்லத் தொடங்கினார், அதற்குள் பக்கவாட்டுச் சந்து வழியாக அக்கா வந்துவிட்டாள்.

குட்டையான ஆள். முன்தலை நரைத்திருந்தது. ஊதா நிறத்தில் திருநாப் புடவை. இரண்டு கையாலும் தட்டைப் பிடித்திருந்தாள். மணலில் கால் புதைய, யாரையும் பார்க்காமல் நேராக நடந்தாள். முதல் மேசையில் பேச்சு நின்றது, அப்புறம் எல்லா மேசையிலும் நின்றது. ஒருத்தர் கையிலிருந்த கிளாஸை மேசைக்கு அடியில் மறைத்தார். நான் எழுந்து நின்றேன், உட்காரவும் தெரியவில்லை.

சதக் சத்தம் கேட்டுத் திரும்பினான்.

அவள் இரண்டடி தள்ளி நின்றுவிட்டாள். முதலில் அவள் பார்த்தது அவன் இடது புருவத்தைத்தான். ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். நானும் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லாத புருவம்.

"நீ யாருப்பா?" என்றாள்.

அவன் எழுந்துவிட்டான். "எம்பேரு சதக்கும்மா. பெரியபட்டினம்."

"முள்ள அப்படி மூடி வைக்க ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெயபாலுதாமா. போட்டுல நாங்க அஞ்சு பேரு. ஒரே சஹன்ல, ஒரே தாம்பாளத்துலதான் எல்லாரும் கை போட்டுச் சாப்புடுவோம். முள்ளு அடுத்தவன் கையில குத்திரக் கூடாதுன்னு அவன்தான் இப்படி வைக்கணும்னு சொல்லுவான். கறிவேப்பில கெடைக்காது. ரொட்டித் துண்ட வச்சு மூடுவோம். அப்படியே எல்லாருக்கும் பழகிருச்சு." அவன் அவள் கையிலிருந்த தட்டைப் பார்த்தான். "ஊருக்குப் போனா எங்கம்மா கொழம்ப ஒரு தடவ சாப்ட்டுப் பாருடான்னு சொல்லிக்கிட்டே இருந்தான்."

"இருந்தானா?" என்றாள் அவள். "இப்ப எங்கன இருக்கான்?"

அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை நிற்கிற மாதிரி நின்றார். அவள் அவர் முகத்தைப் படித்து முடித்தாள். தட்டு சாய்ந்து குழம்பு அவள் புடவையில் சிந்தியது. கத்தப்போகிறாள், விழப்போகிறாள் என்று நினைத்து இரண்டு மூன்று பேர் கிட்டே நகர்ந்தோம்.

அவள் தட்டை மேசையில் வைத்தாள். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சாப்டு."

"ம்மா, என்னால முடியாதும்மா."

"சாப்டுப்பா. ஆறிப் போயிரும்."

அவன் உட்கார்ந்தான். அழுதுகொண்டே சோற்றைப் பிசைந்தான். அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கமிருந்து மீனைப் பிரிக்கிறான், தலையை எப்போது எடுக்கிறான் என்று ஒன்றுவிடாமல் பார்த்தாள். நடுவில் ஒரு தடவை, "மெதுவா" என்றாள். நாங்கள் அத்தனை பேரும் குடிக்காமல், தின்னாமல் அவன் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் உட்கார்ந்திருந்தோம். கச்சான் காற்று கிடுகைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

அவன் நடுமுள்ளை எடுத்து, வால் வெளியே பார்க்க விளிம்பில் வைத்தான். வைத்தவன் அதற்கு மேல் செய்ய முடியாமல் கையைத் தட்டிலேயே வைத்திருந்தான்.

அவள் குழம்பிலிருந்து கறிவேப்பிலையை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. முள்ளின் மேல் நீளவாக்கில் வைத்து, விரலால் நீவிவிட்டாள். போதாமல் இன்னொன்று தேடி எடுத்து வால் பக்கமும் மூடினாள்.

"தூங்கட்டும்" என்றாள்.

சிலுவை போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்து எல்லாரும் எழுந்தார்கள், கிறிஸ்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நானும் மற்றவர்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். செபஸ்தியான் அண்ணன் தண்ணீர் டிரம்மைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அவள் அந்தத் தட்டைக் கழுவப் போடவில்லை. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கொட்டகையைத் தாண்டிக் கடலை நோக்கிப் போனாள். கூட யாரும் போகவில்லை.

கடை பதினைந்து நாள் மூடிக் கிடந்தது. உடல் இல்லாமலே கோயிலில் பூசை வைத்தார்கள். சதக்கும் அவன் உம்மா தாஜுன்னிசாவும் வந்து வெளியே மரத்தடியில் நின்றிருந்தார்கள். போனில் பதினெட்டாவதாக ஒருத்தன், 'இரண்டு முறை போனோம், பூட்டியிருந்தது, எப்போது திறப்பார்கள் என்று கேட்டால் யாரும் சரியாகப் பேசவில்லை, பொறுப்பில்லாத ஆட்கள்' என்று எழுதினான். அவனைத் திட்டி ஒரு பக்கம் எழுதிவிட்டு அழித்தேன்.

திறந்த அன்றைக்குப் போனேன். பாறைக் குழம்பு. சுத்தமாக உப்பில்லை. ஆறு மேசைக்காரர்களும் குனிந்த தலை நிமிராமல் தின்றோம். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் இல்லாமல் வழித்துப் பொந்துக்கு அனுப்பினோம். தட்டை வைத்து அவள் படிப்பாள் என்று எங்களுக்குத் தெரியும், ஆளுக்காள் சொல்லிக்கொள்ளாமலே தட்டாலும் பொய் சொன்னோம்.

என் தட்டை நானே கொண்டுபோய் நீட்டினேன். அந்தக் கை வாங்கியது. வளையல் இல்லை. உப்பு எப்படி என்று கேட்கவில்லை. திரும்பி நடந்தேன்.

"தம்பி."

"சொல்லுங்கக்கா."

"வெட்டு இருக்குன்னு சொன்னியே."

சாக்குத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "சரியாப் பாக்கலக்கா" என்றேன்.

தட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நின்றது.

"நீ சொன்னதுக்கு அப்புறம் பதினோரு வெசாழக்கெழம அவனுக்கு ஆக்கிப் போட்டேன்" என்றாள். அது வசவா, நன்றியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அவள் அடுத்த தட்டுக்குக் கையை நீட்டினாள்.